நூற்று முப்பது நாள்

நவம்பர் 3

அன்புள்ள ரப்பருக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் காதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. வலது காது போய் நாலு வருடமாகிறது. இப்போது இடதும் போய்விட்டது. மருத்துவர் ஏதோ நீளமாகப் பேசினார். அண்ணி அதை ஒரு துண்டுத் தாளில் "இனி அவ்வளவுதான்" என்று சுருக்கி எழுதிக் காட்டினாள். ஆகவே தொலைபேசியை மறந்துவிடு, கடிதம்தான். நீ, மாப்பிள்ளை, என் மருமகள் குட்டி மூவரும் சுகமா? அவள் பரீட்சைக்குப் படிக்கிறாளா, இல்லை உன்னைப் போல ஊரார் தப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாளா?

ஒரு பத்திரிகை என் எழுத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறது. முப்பத்திரண்டு வருடம், பதினொரு புத்தகம். "இவருடைய விண்கலங்களில் கணக்கு சரியாக இருக்கிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் மரக்கட்டைகள்" என்கிறார் கட்டுரையாளர். அண்ணி அதை இரண்டு தடவை படித்துவிட்டு பீரோவில் பத்திரப்படுத்தியிருக்கிறாள், சண்டை வரும்போது உதவுமாம்.

அந்த ஆளுக்கு என்ன தெரியும்? என் முதல் கதையில் ஆறு பேர் பழுதான கலத்துக்குள் பத்து நாள் மூச்சு விட்டார்கள். பதினாறு வயது நீ, பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுவிட்டு, "நாலாம் நாளே எல்லாரும் செத்துட்டாங்கண்ணா" என்றாய். உன் ரப்பரை வாங்கித்தான் ஆறு பக்கம் அழித்தேன். அன்றிலிருந்து உனக்கு இந்தப் பெயர், எனக்கு ஒரு விதி: ஒரு கதைக்கு ஒரு பொய்தான் அனுமதி, மற்றதெல்லாம் கணக்குக்குக் கட்டுப்பட வேண்டும். வில்லன் கிடையாது. இயற்பியல் போதும்.

பன்னிரண்டாவதுதான் கடைசி என்று வைத்திருக்கிறேன். இந்த முறை வேறு கிரகம் வேண்டாம். எனக்கு ஒரு அணை வேண்டும். அது உடைய வேண்டும். ஒருநாளில் இல்லை, மெதுவாக, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரிந்து. இருபத்தைந்து வருடமாக அணையோடு குடித்தனம் நடத்துகிறவளைத் தங்கையாக வைத்துக்கொண்டு நான் எதற்கு நூலகத்துக்குப் போக வேண்டும்? எண்களை அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்


நவம்பர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். காது விஷயம் வருத்தமாக இருக்கிறது. அண்ணியின் சுருக்கம் பிடித்திருந்தது. தொலைபேசி போனதில் இங்கே நஷ்டமில்லை. எங்கள் இணைப்பு எல்லாம் அலுவலகம் வழியாகத்தான். ஆபரேட்டர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்கு வந்துவிடும்.

எங்கள் அணையையே எடுத்துக்கொள். பெயரை மட்டும் போடாதே. மண் அணை, ஐம்பத்திரண்டு மீட்டர் உயரம். அடிவாரத்தில் நூற்று அறுபது வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், கடைத்தெரு. எங்கள் வீடு மூன்றாவது வரிசை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியாது, அணைதான் தெரியும். பழகிவிட்டால் அது ஒரு சுவர், அவ்வளவுதான்.

எல்லா மண் அணையும் கசியும். கசிவது தப்பில்லை. அந்த நீரை அடிவாரத்தில் ஒரு தொட்டியில் சேர்த்து, வி வடிவத்தில் வெட்டிய தகடு வழியாக விழவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளக்கிறோம். அளப்பவருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். எந்நேரமும் ஈரத்திலேயே நிற்பதால் எல்லோருக்கும் அவர் தவளை அண்ணன். அவர் அளந்து சொல்வார், நான் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

உன் வாசகர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டியிருக்கும். எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்படி வருகிறது என்பது முக்கியம். தெளிவாக வந்தால் தூங்கலாம். கலங்கி வந்தால் அது அணையின் உள்ளிருந்து மண்ணை எடுத்து வருகிறது. உள்ளே ஒரு துளை உண்டாகி, அடிவாரத்திலிருந்து நீர்த்தேக்கத்தை நோக்கிப் பின்பக்கமாக வளரும். வெளியே எதுவும் தெரியாது. புல் பச்சையாகவே இருக்கும். துளை தேக்கத்தைத் தொடும் நாளில் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

தனித்தாளில் எண்கள் வைத்திருக்கிறேன். உன் கதைக்காக இட்டுக்கட்டியவை. முதல் கலங்கல் நவம்பர் 10 என்று வைத்துக்கொள். அன்று வெளியே வந்த மண் பதின்மூன்று கிலோ. நம் குட்டி மூன்று வயதில் இருந்த எடை. ஒரு வாரம் கழித்துப் பதினேழு.

முதல் நாளிலிருந்து எத்தனை நாள் தாங்கும் என்று நீ கணக்குப் போடு. எனக்கு ஆண்டறிக்கை வேலை இருக்கிறது. போட்டதும் மறக்காமல் எனக்கு எழுது. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


டிசம்பர் 2

அன்புள்ள ரப்பருக்கு,

சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி, எனக்கு அண்ணியின் முழங்கால் வலி. உங்கள் மூவரின் சுகத்துக்கும் எழுது.

உனக்கு இப்படி இட்டுக்கட்ட வரும் என்று முப்பத்திரண்டு வருடமாகச் சொல்லாமல் இருந்துவிட்டாயே! லிட்டருக்கு எத்தனை கிராம் வண்டல் என்று மூன்று தசம இடம் வரை. வேறு யாராவது அனுப்பியிருந்தால் நிஜப் பதிவேட்டிலிருந்து திருடியது என்று சத்தியமே செய்திருப்பேன். மூன்று வயதுக் குழந்தையின் எடை என்ற வரியை அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்தக் கட்டுரையாளர் அழட்டும்.

கணக்கு முடிந்தது: நூற்று முப்பது நாள். நூற்று முப்பதாவது நாள் காலை ஆறரைக்கு அணை போகிறது.

என் நாயகி ஒரு பெண் எஞ்சினியர், உன் வயது, உன் மூக்குக்கண்ணாடி. ஆனால் ஒரு சிக்கல். அவளுக்குத் தெரிந்துவிட்டது, சரி. ஏன் மேலதிகாரியிடம் சொல்லவில்லை? சொன்னால் கதை மூன்றாம் அத்தியாயத்திலேயே முடிந்துவிடும். ஏன் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவில்லை? படிக்கிறவன் கேட்பான். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அன்புடன்,
அண்ணன்


டிசம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியின் முழங்காலுக்கு மாடிப்படி ஏறாமல் இருப்பதுதான் மருந்து.

நூற்று முப்பது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாட்காட்டியை எடுத்து எண்ணினேன். மார்ச் 20 வருகிறது. குட்டிக்குக் கடைசிப் பரீட்சை மார்ச் 12. முடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். இவருக்கும் பள்ளி விடுமுறையாக இருக்கும். அண்ணியிடம் கேட்டு எழுது.

நீ கேட்டதற்கு ஒரு காட்சி எழுதி அனுப்புகிறேன். பிடித்தால் சேர்த்துக்கொள்.

அவள் பெரிய எஞ்சினியரின் அறைக்குப் போகிறாள். ஒரு கண்ணாடி ஜாடியை மேசைமேல் வைக்கிறாள்.

"சார், கசிவுத் தண்ணி கலங்கி வருது."

"மழை பெஞ்சிருக்கும்மா. சரிவுல இருக்கற மண்ணு கழுவிட்டு வந்திருக்கும்."

"மழை நின்னு அஞ்சு வாரமாச்சு சார். நாளுக்கு நாள் கூடுது. அடிமதகைத் திறந்து ஒரு எட்டு மீட்டராவது தண்ணியை இறக்கணும்."

"ஒம்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் நெரம்பியிருக்கு. இப்பப் போய்த் தண்ணியைத் திறந்தா, மேலிடத்துல என்னையில்ல திறந்து பாப்பாங்க?" சிரிக்கிறார். கெட்டவர் இல்லை. அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், அதே குடியிருப்பில். "கோடை முடியட்டும், ஒரு குழுவை வரச் சொல்றேன். அதுவரைக்கும் 'தெளிவு'ன்னு எழுதுங்க. நீங்க கலங்கல்னு எழுதினா நான் பதில் எழுதணும், அதுக்கு அவங்க பதில் எழுதணும். எதுக்கும்மா?"

அவள் எழுதினாளா என்று கேட்பாய். எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நூற்று முப்பது நாள் இருக்கிறதே என்று நினைத்திருக்கலாம்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உன் பதினொரு புத்தகத்திலும் ஒருவன் கணக்குப் போடுகிறான், முடிவைச் சொல்கிறான், உடனே எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள். உன் பனிக்கோள் கதையில் இருநூறு பேர், ஒருவர்கூட "உனக்கென்ன தெரியும்" என்று கேட்கவில்லை. நான் உன் எண்களை மட்டும்தான் திருத்தினேன், இதை ஏன் விட்டேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

இரண்டாவது தாளும் வைத்திருக்கிறேன். டிசம்பர் 18-இல் ஐம்பது கிலோ. என் எடை.

உன் தங்கை


ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் எழுதி மூன்று வாரமாகியும் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கோபமா, உடம்புக்கு ஏதாவதா? அண்ணியாவது இரண்டு வரி எழுதலாம்.

நாங்கள் நலம். குட்டி விடியற்காலையில் எழுந்து சமையலறையில் உட்கார்ந்து படிக்கிறாள். நான் ஜன்னலை மூடி வைக்கிறேன். "ஏம்மா, காத்தே வரல" என்கிறாள். பனி என்கிறேன்.

கதைக்கு இன்னொரு எண்: நூற்றுப் பதினேழு கிலோ. தவளை அண்ணனுக்கும் ஒரு வசனம் வைத்திருக்கிறேன். அவர் தகட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறார்: "அம்மா, இருவத்தாறு வருஷமா இந்தத் தண்ணியிலதான் மூஞ்சி கழுவுறேன். இன்னிக்குக் கழுவுனா பல்லுல மண்ணு கடிக்குது. நீங்க என்னத்தையோ எழுதிக்குங்க, எனக்கு மட்டும் நெசத்தைச் சொல்லுங்க." "மார்ச் வரைக்கும் பயமில்ல" என்கிறாள். அவர் அதை நம்புகிறார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் அவர் வீட்டுக்கு.

நூற்று முப்பது என்பதில் மாற்றம் ஏதும் இல்லையே? இரண்டாம் தாளை வைத்து மறுபடி போட்டுப் பார்த்தாயா? நான் இன்னும் போடவில்லை. தாளை எடுப்பேன், மேலே தேதி எழுதுவேன், வேறு வேலை வந்துவிடும்.

உடனே எழுது.

தங்கை


ஜனவரி 22

அன்புள்ள ரப்பருக்கு,

பயப்படாதே, உயிரோடுதான் இருக்கிறேன். நுரையீரலில் சளி கட்டி மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தேன். உனக்கு எழுதினால் பதறுவாய் என்று அண்ணி எழுதவில்லை. நேற்றுதான் வீட்டுக்கு வந்தேன். உன் டிசம்பர் கடிதத்தை அங்கேயே படித்தேன், ஜனவரிக் கடிதம் மேசையில் இருந்தது. மார்ச்சில் நீங்கள் வருவதைக் கேட்டதிலிருந்து அண்ணி மாடி அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறாள், முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

உன் குற்றச்சாட்டு கொஞ்சம் சுட்டது. மருத்துவமனை என்றால் யோசிக்க நேரம் கிடைக்கும், யோசித்தேன். நீ சொல்வது சரி. என் ஆட்கள் சொன்னதைக் கேட்பவர்கள். நிஜத்தில் என் வகுப்பில் முப்பது வருடம் பாடம் நடத்தினேன், கடைசி வரிசை ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மேலதிகாரி காட்சியை அப்படியே வைத்துக்கொள்கிறேன். தவளையையும்.

ஆனால் நீ அனுப்பும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். முதல் தாளிலேயே இந்தச் சங்கடம் வந்தது, உனக்குச் சொல்லவில்லை. இருபது நாளைக்கு ஒரு தடவை மண் இரட்டிப்பாகிறது என்று வைத்தால் எண்பத்தைந்தாவது நாளே துளை தேக்கத்தைத் தொட்டுவிடுகிறது. எனக்குப் பதின்மூன்று அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் பத்து நாள். அதனால் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து நூற்று முப்பதாக்கினேன். இரண்டாம் தாளில் உன் ஐம்பதும் எனக்கு முப்பத்தொன்றுதான். இந்த நாவலில் எனக்குரிய ஒரே பொய் அதுதான். நீ பார்த்தவுடனே பிடித்துவிடுவாய், திட்டுவாய் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாததால் பெருந்தன்மையாக விட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன்.

குட்டியிடம் மாமா நன்றாகப் படிக்கச் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 28

அண்ணா,

உன் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டேன். முப்பது நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டரை மாதமாக நான் எடுக்காத முப்பது நிமிடம். எண்பத்தைந்துதான். இன்று எழுபத்தொன்பதாவது நாள். இன்று வந்த மண் இருநூற்று நாலு கிலோ.

எதுவும் இட்டுக்கட்டியதில்லை. உனக்கு இப்போது புரிந்திருக்கும்.

ஏன் நேராகச் சொல்லவில்லை என்று கேட்காதே. எண்ணை வெளியே கொடுத்தால் வேலை போகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று: நீ கணக்குப் போட்டால் அது கதையாக இருக்கும். நான் போட்டால் நிஜமாகிவிடும். இவ்வளவு வருடமாக உன் கணக்கில் நான் அழித்ததெல்லாம் கைத்தவறுகள். வேண்டுமென்று நீ ஒரு எண்ணை மாற்றியதே இல்லை. அதனால் நூற்று முப்பது என்று நீ எழுதியதும் அதன்மேல் படுத்துத் தூங்கினேன். பயந்தவள் செய்யும் முட்டாள்தனம். இவரிடம்கூடச் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்போது பிப்ரவரி 3 ஆகியிருக்கும். அதுதான் எண்பத்தைந்தாவது நாள். அதனால் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

குட்டியை இன்று சாயங்காலப் பேருந்தில் ஏற்றிவிடலாம். அவள் மட்டும் போனால் வகுப்பில் இன்னும் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். தவளை அண்ணனிடம் "மார்ச் வரைக்கும்" என்று சொன்னவள் நான். பதிவேட்டில் எழுபது "தெளிவு" என் கையெழுத்தோடு இருக்கிறது. இப்போது அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லப் போகிறேன். அடிமதகின் சாவி எங்கள் பிரிவில்தான் இருக்கிறது.

தங்கை


பிப்ரவரி 3

என் கண்ணே,

இன்று காலை பத்து மணிக்கு உன் கடிதம் வந்தது. இது உன்னிடம் வரும்போது நீ அங்கே இருக்கக் கூடாது. அப்படியும் எழுதுகிறேன், கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

அண்ணியைக் காதுக்காகக் கூட்டிக்கொண்டு முதலில் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். எதிரில் இருப்பவர் பேசுவதை அவள் நோட்டில் எழுதிக் காட்டுவாள். உன் தாள்களை ஆசிரியர்முன் பரப்பி வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அருமை சார். புது நாவலா? உண்மைச் செய்தி மாதிரியே விளம்பரம் கொடுக்கறது நல்ல உத்தி. ஆனா ஜனங்க பயந்துருவாங்க, அடியில 'கற்பனை'ன்னு ஒரு வரி போட்டுக்கலாமா?"

அங்கிருந்து அணைகளுக்கான தலைமை அலுவலகம். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு அதிகாரி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கல்லூரியில் படிக்கும்போது என் பனிக்கோள் புத்தகத்தை ஏழு தடவை படித்தவராம். "உங்க கதையில எல்லாமே நெஜம் மாதிரியே இருக்கும் சார்." நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். என் சத்தம் எனக்குக் கேட்பதில்லை, எல்லோரும் திரும்பிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அவர் தாள்களை வாங்கவில்லை. என் புத்தகத்தை எடுத்து வந்து கையெழுத்து கேட்டார்.

வாசலில் அண்ணி நோட்டில் எழுதினாள்: "இத்தனை வருஷமா பூமியை எத்தனை தடவை அழிச்சிருப்பீங்க. இப்பப் போய் நம்புன்னா யார் நம்புவாங்க?" எழுதிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள்.

தாள்களின் பிரதியைப் பதிவுத் தபாலில் ஐந்து பேருக்கு அனுப்பியிருக்கிறேன். என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் படிக்க மாட்டார்கள். பெயரில்லாத கடிதத்தையும் படிக்க மாட்டார்கள்.

எந்த அத்தியாயத்துக்காக உன் எண்பத்தைந்தை மாற்றினேனோ அந்த நோட்டைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. நீ எங்கே இருக்கிறாய்?

அண்ணன்


பிப்ரவரி 7

ரப்பர்,

கடிதம் இல்லை. உங்கள் அலுவலக எண்ணுக்கு அண்ணி பதினொரு தடவை முயன்றாள். மணி அடிக்கிறதாம், எடுப்பாரில்லை. அந்த மணி எங்கே அடிக்கிறது என்று யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

செய்தித்தாளில் எதுவும் இல்லை. ஐந்தாம் பக்கத்தில் மட்டும் இரண்டு வரி: "பராமரிப்புக்காக அணையிலிருந்து நீர் திறப்பு." எந்த அணை என்று மூன்று தடவை படித்தேன். உங்களுடையதுதான். பராமரிப்பு என்றால் என்ன? நீதானா?

யாராவது ஒருவர் ஒரு வரி எழுதுங்கள்.

அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை உன்னிடம் கொடுப்பது குட்டியும் அவள் அப்பாவும். முதலில் அவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல். இருவரும் நலம். குட்டியின் கால் கொஞ்சம் சுளுக்கியிருக்கிறது. உன் பிப்ரவரி 3 கடிதம் இன்று வந்தது, நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஜனவரி 28 மதியம் தவளை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சாவிய எடுங்கம்மா" என்றார். அடிமதகை எட்டு வருடமாக யாரும் திறந்ததில்லை. கைச்சக்கரம். இரண்டு பேரும் மாறி மாறிச் சுற்றினோம். நானூறு சுற்றுக்குமேல் எண்ணவில்லை. இருட்டுவதற்குள் தண்ணீர் பாய்ந்தது. பதிவேட்டில் அன்றைய இடத்தில் "கலங்கல்" என்று எழுதி, முந்தைய எழுபது பதிவுகளும் பொய் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் ஒரு பிரதியைக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

நீ எழுதும் கதையாக இருந்தால் அடுத்த வரியில் நூற்று அறுபது வீடும் காலியாகியிருக்கும். இங்கே பலகையைப் பார்த்துவிட்டு எல்லோரும் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள், சண்டைக்கு. "ஒம்பது வருஷமாத் தண்ணியில்லாம செத்தோம், இப்பத் திறந்துவிடறியே, உனக்கு மூளை கலங்கிப்போச்சா?" பக்கத்து வீட்டுக்காரி இருபது வருடப் பழக்கம், என் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். இவர் பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பார்த்தார். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளை மிரட்டாதீர்கள் என்றார்கள்.

பெரிய எஞ்சினியர் மறுநாள் காலை தனியாக மதகுக்கு வந்தார். தவளை அண்ணன் ஜாடியை அவர் கையில் கொடுத்தார். ஒரு விரல் ஆழத்துக்கு மண் இறங்கி நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "மூடச் சொல்லுவீங்களா சார்?" என்றேன். "மூடச் சொன்னா நான் கையெழுத்துப் போடணும்" என்றார். திறந்தே இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. மத்தியானம் எனக்கு இடைநீக்க உத்தரவு வந்தது. ஒரு வாரத்தில் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

அதற்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு, குழந்தைகள் பள்ளிக்குப் போகிற நேரத்தில், அலுவலக ஜீப் பெரிய எஞ்சினியர் வீட்டு வாசலில் நின்றது. அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆறு பெட்டி, ஒரு தையல் இயந்திரம். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, பத்து நாள்ல வந்துருவேன்" என்றாளாம். பத்து நாளைக்கு யார் தையல் இயந்திரத்தைக் கொண்டுபோவார்கள்?

தெரு முழுக்க அதைப் பார்த்தது. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டில் பீரோ நகர்த்தும் சத்தம் கேட்டது. மத்தியானப் பேருந்தில் இடமில்லை, கூரைமேல் பாத்திரங்கள். மறுநாள் இரண்டு லாரி. அலுவலகத்தில் ஆபரேட்டர்தான் முதலில் போனாள். தவளை அண்ணனின் மகளைக் கட்டிலோடு தூக்கி ஏற்றினார்கள். ஆண் குழந்தை, தண்ணீர் எட்டாத மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தில் பிறந்தது. என் இருநூற்று நாலு கிலோவால் ஆகாததை ஒரு தையல் இயந்திரம் செய்தது. இதை உன் புத்தகத்தில் எந்த வாய்ப்பாட்டில் வைப்பாய் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 3 போனது. அன்று முழுக்க நானும் தவளை அண்ணனும் மதகு மேடையில் உட்கார்ந்திருந்தோம். அணை நின்றது. தேக்கம் இதுவரை ஐந்து மீட்டர் இறங்கியிருக்கிறது. இன்று வந்த மண் நூற்றுத் தொண்ணூறு கிலோ. குறைந்திருக்கிறது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஒரு நாள் அளவை வைத்து நான் எதையும் சொல்வதில்லை. துளை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நேற்று மத்தியானம் அடிவாரத்தில் காலுக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது, பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் நீர்போல. கால் மணி நேரம் இருந்தது, நின்றுவிட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஏன் இவர்களோடு வரவில்லை என்று கேட்பாய். மதகின் பல்சக்கரம் தேய்ந்துபோயிருக்கிறது. தண்ணீரின் வேகத்தில் கதவு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. மணிக்கு ஒரு முறை சுற்றி ஏற்ற வேண்டும், ஒருவரால் முடியாது. தவளை அண்ணனோடு இன்னொருவர் வேண்டும். இடைநீக்கம் செய்யப்பட்டவள் மதகைத் தொடக் கூடாது என்று உத்தரவில் இருக்கிறது. அதை எனக்குப் படித்துக் காட்ட இப்போது இங்கே யாரும் இல்லை. இன்னும் மூன்று மீட்டர் இறங்க வேண்டும். இறங்கும் வேகம் குறைந்துவிட்டது, பத்து நாள் ஆகும். இந்த முறை கணக்கு நானே போட்டது, மாற்றிவிடாதே.

குட்டி பேருந்தில் ஏற மாட்டேன் என்று பத்து நாளாக அடம்பிடித்தாள், அவளை விட்டு இவரும் கிளம்பவில்லை. இன்று கை ஓங்கினேன். பதினேழு வருடத்தில் முதல் தடவை. அவளிடம் நீ ஏதாவது சொல்லிவை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். உன் உடம்பைப் பார்த்துக்கொள், மார்புச் சளியை அலட்சியம் செய்யாதே.

காலையில் இவர்களிடம் கொடுப்பதற்காக இதை மதகு மேடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பொழுது இப்போதுதான் சாய்ந்தது. இங்கிருந்து குடியிருப்பு முழுவதும் தெரிகிறது. எழுதத் தொடங்கியபோது பதினைந்து வீடுகளில் விளக்கு இருந்தது. இப்போது எண்ணினேன், ஒன்பது. அதில் ஒன்று நம்முடையது. குட்டி பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். தவளை அண்ணன் கூப்பிடுகிறார், சக்கரத்துக்கு நேரமாகிவிட்டது.

உன் தங்கை